அறிவியல் முறை மனிதனை மாற்றுகிறதா, அவனைச் சுற்றி வேலி போடுகிறதா?

நடுவெயில் எழுதியது:

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு. பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்து விடைத்தாளில் கொட்டிவிட்டு வந்த வரிசை. ஆய்வகத்துக்குள் இதற்கு என்ன வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளியே வந்தபின் இது ஒரு ஆளை என்ன செய்கிறது, ஒரு சமூகத்தை என்ன செய்கிறது? "அறிவியல் முறை தெரிந்தவன் ஆதாரத்தைக் கண்டால் மனம் மாறுவான்" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

செம்மல்வைஸ் என்ற மருத்துவரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். முதலாவதில் மருத்துவர்களும் மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். கர்ப்பிணிகளுக்கே இது தெரியும், அங்கே சேர்க்காதீர்கள் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். 1847இல் சக மருத்துவர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையில் ஒரு மாணவரின் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலில் கண்டதும் அந்தப் பெண்களின் உடலில் கண்டதும் ஒன்றே. பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் முடிவுக்கு வந்து, குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, ஜூனில் 2 சதவீதத்துப் பக்கம் வந்துவிட்டது.

இவ்வளவு துலக்கமான கணக்கைப் பார்த்தும் பெரிய பெரிய மருத்துவர்கள் ஏற்கவில்லை. அவர் 1865இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். படித்தவர்கள், முறை தெரிந்தவர்கள், கண்ணெதிரே எண்கள். என்ன மாறியது?

குறுக்குக்கேள்வி எழுதியது:

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். செம்மல்வைஸ் தன் கண்டுபிடிப்பைப் புத்தகமாக வெளியிட்டது 1861இல்தான். பதினான்கு வருடம்! அதற்குப் பிறகு எதிர்த்தவர்களுக்கு எழுதிய திறந்த கடிதங்களில் அவர்களைக் கொலைகாரர்கள் என்ற ரீதியில் திட்டினார். கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை, ஆகவே "ஏன்" என்ற கேள்விக்கு அவரிடம் வலுவான பதிலும் இல்லை. எதிர்த்தவர்களை நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. மற்றவர்கள் சரிபார்க்கும்படி எடுத்து வைப்பதும் முறையில் ஒரு பாதி, அந்தப் பாதி நடக்கவில்லை என்கிறேன்.

மற்றபடி உங்கள் ஐயம் எனக்கும் உண்டு. தனி ஆள் மாற மாட்டான். அறிவியல் முறையை ஒரு குணமாகப் பார்ப்பதுதான் தப்பு. அது ஓர் ஏற்பாடு. பிடிவாதக்காரர்களை வைத்துக்கொண்டே வேலையை நடத்துகிற ஏற்பாடு.

2011இல் ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு என்ன செய்தது என்று பாருங்கள். நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்து சேர்வதாக அவர்களுக்கு விடை வந்தது. அது உண்மையானால் இயற்பியலின் அடித்தளமே ஆடும். அவர்கள் எண்களை உலகத்தின் முன் வைத்து, தப்பு எங்கே என்று தேடிப் பாருங்கள் என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருந்தது தெரியவந்தது. தன் முடிவைத் தானே சந்தேகித்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுகிற பழக்கம் வேறு எந்தத் துறையில் இருக்கிறது?

உப்புக்கல் எழுதியது:

அந்தக் கதையிலும் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள் :) அதே குழுவுக்குள் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. குழுவின் பேச்சாளரும் இன்னொரு முக்கியப் பொறுப்பாளரும் 2012 மார்ச்சில் விலகினார்கள். தப்பைத் தேடுங்கள் என்று கேட்பது பெருமை, தப்பு கிடைத்தபின் நாற்காலி போய்விடும். இதைப் பார்க்கிற இளம் ஆய்வாளர் என்ன கற்றுக்கொள்வார்?

இரவுப்பணி எழுதியது:

நான் இதயச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். தத்துவம் எனக்கு வராது, ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பில் இடையிடையே ஒழுங்கற்ற துடிப்புகள் வரும். திரையில் சீராகப் போகிற கோட்டில் திடீரென்று அகலமாக ஒன்று எகிறும். அப்படி வருகிறவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தது. எகிறலை அடக்கும் மருந்துகளும் இருந்தன. கொடுத்தால் கோடு சீராகும், கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே மருத்துவர்கள் கொடுத்தார்கள். இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

கடைசியில் அமெரிக்காவில் காஸ்ட் என்ற சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து போலவே இருக்கும் வெறும் மாத்திரை. 1989இல் என்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்ற இரண்டு மருந்துகளின் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் இறந்துகொண்டிருந்தார்கள்.

என் மனதை விட்டு அகலாத விஷயம் இது: அந்த வார்டில் நின்ற எவருக்கும் இது தெரிந்திருக்கவே முடியாது. நோயாளி இறந்தால் "ஏற்கெனவே இதயம் பலவீனம்" என்போம். பிழைத்தால் "மருந்து கேட்டது" என்போம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் மருந்து கொடுக்காமல் இருந்திருந்தால் அதே ஆள் என்ன ஆகியிருப்பார் என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமே இல்லை. ஆகவே நடுவெயில் கேட்டதற்கு என் பதில், தனி மனிதனை மாற்றியது. என்னை மாற்றியது. "நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று யாராவது ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன், நம்ப மாட்டேன். நானே சொன்னாலும் அப்படித்தான்.

நடுவெயில் எழுதியது:

அக்கா, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் கனமான பதிவு. ஆனால் ஒன்று. நீங்கள் அந்தத் துறைக்குள் இருக்கிறீர்கள். வெளியே இருப்பவனுக்குக் கேட்பது "நேற்று கொடுத்தார்கள், இன்று கூடாது என்கிறார்கள்" என்ற ஒரு வரிதான்.

உப்புக்கல் எழுதியது:

அதைத்தான் நானும் எழுத வந்தேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் இதயத்துக்கு நல்லது என்று பல வருடம் சொன்னார்கள். 2002இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த அமெரிக்கச் சோதனையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் சேர்ந்த சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியது, இதயத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அப்புறம் சில ஆண்டுகள் கழித்து, வயதைப் பொறுத்து ஆபத்து மாறும், எல்லோரும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை என்றார்கள். மூன்றுமே அந்தந்த நேரத்து ஆதாரத்துக்கு நியாயமாக இருக்கலாம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு?

குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னதும் அப்படித்தான். வாந்தி எடுத்தால் தொண்டையில் அடைக்காது என்பது காரணம், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 90களின் தொடக்கத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தூக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. சந்தோஷம். அதற்கு முன் சொன்னபடி கேட்டு நடந்த தாய்மார்களிடம் யார் போய் என்ன சொல்வது?

குறுக்குக்கேள்வி எழுதியது:

அந்த உதாரணம் உங்கள் வாதத்தைவிட மோசமான இடத்துக்குப் போகிறது. குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான தரவு 1970 வாக்கிலேயே கிடைத்திருந்தது, சிதறிக் கிடந்ததை யாரும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கவில்லை என்று 2005இல் வெளிவந்த ஒரு மறு ஆய்வு காட்டியது. கூட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் பிழைத்திருக்கக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்தக் குழந்தைகள் போனது அறிவியல் மனம் மாறியதாலா? இருபது வருடம் தாமதமாக மாறியதால்.

தயிர்மத்து எழுதியது:

எல்லாம் சரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவை எப்படிச் சமாளிப்பது? அதற்கு ஒரு அறிவியல் முறை சொல்லுங்கள்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

"என்ன தெரியவந்தால் இது தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள்.

தயிர்மத்து எழுதியது:

கேட்டாயிற்று. "எது வந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்றார். நேர்மையான மனிதர்.

மூன்றாம்மாடி எழுதியது:

வீட்டில் நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன். என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. ஒரு மாத்திரை (துணைச்சத்து வகை, மருந்துச் சீட்டு தேவையில்லை) எடுத்தால் குறைகிறது என்பாள். எனக்குச் சந்தேகம். வாக்குவாதம் முற்றி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று முடிவானது. மருத்துவரிடம் கேட்டோம், தாராளமாகச் செய்யுங்கள் என்றார்.

அதே நிறத்தில் வெறும் கூடுகள் வாங்கி அரிசி மாவு அடைத்தேன். உண்மை மாத்திரையையும் அதே மாதிரிக் கூட்டுக்குள் போட்டேன். எந்த வாரம் எது என்று நாணயம் சுண்டி எழுதி, தாளை உறையில் ஒட்டி அவள் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். மனைவி தினமும் நாட்குறிப்பில் தலைவலி உண்டா, இல்லையா என்று மட்டும் குறிப்பாள்.

ஆனால் சண்டை வந்தது இதில் எதிலும் இல்லை. சோதனைக்கு முன்னால், எத்தனை நாள் குறைந்தால் "வேலை செய்கிறது" என்று ஒத்துக்கொள்வது என்று எழுத உட்கார்ந்தோமே, அங்கேதான். மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலே போதும் என்றாள். ஒரு நாள் தானாகவே கூடும், குறையும் என்றேன். "உனக்கு வலித்தால் தெரியும், ஒரு நாள் என்பது எவ்வளவு என்று" என்றாள். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் இடையில் ஓர் எண்ணை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சில மாதம் கழித்து உறையைப் பிரித்தோம். வித்தியாசம் இருந்தது, எழுதி வைத்த எண்ணை எட்டவில்லை.

அவள் இன்னும் மாத்திரையை எடுக்கிறாள். "எனக்கு நிம்மதியாக இருக்கிறது" என்கிறாள். நானும் மேற்கொண்டு பேசுவதில்லை. முன்பு அது "மருந்து", இப்போது "நிம்மதி". அந்த அளவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பனங்காட்டு_நரி எழுதியது:

அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்பிக்கையால் குறைகிற வலியும் குறைந்த வலிதானே? அதைத் தோண்டி எடுத்துத் தராசில் வைத்து என்ன சாதித்தீர்கள்? எதையும் சோதிக்காமல் விடமாட்டேன் என்கிறவனோடு குடித்தனம் நடத்துவது சுலபமில்லை.

மூன்றாம்மாடி எழுதியது:

சோதித்தே தீரவேண்டும் என்று முதலில் சொன்னது அவள். நான் ஜெயிக்கக்கூடாது என்பதற்காக :)

குறுக்குக்கேள்வி எழுதியது:

முன்கூட்டியே எழுதி வைத்தார்கள் பாருங்கள், மொத்த இழையிலும் நான் சொல்ல வந்தது அதுதான். அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய பெரிய சோதனைகளை 2015இல் இரண்டு ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள். 2000க்கு முன் வெளிவந்த 30 சோதனைகளில் 17 நல்ல பலன் காட்டின. 2000க்குப் பின் வந்த 25இல் இரண்டே இரண்டு. என்ன மாறியது? எதை அளக்கப் போகிறோம் என்பதைப் பொதுப் பதிவேட்டில் முன்னதாகவே பதிந்தாக வேண்டும் என்று வந்தது. அதற்கு முன் சோதனையை முடித்துவிட்டு, பத்து விஷயங்களில் எது நன்றாக வந்திருக்கிறதோ அதுதான் நாங்கள் தேடியது என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது. மனித மனம் அப்படித்தான் ஓடும். பழைய மருந்துகள் எளிதான இலக்குகளை ஏற்கெனவே எட்டிவிட்டன போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் பதிவேடுதான் முக்கியக் காரணமாக எனக்குப் படுகிறது.

அதே ஆண்டில் உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் அநேகமாக எல்லாமே வெற்றி. திரும்பச் செய்தபோது 36 சதவீதம் தேறியது. அந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவியல் முறையைக் கரைத்துக் குடித்தவர்கள். குணத்தை நம்பியதன் பலன்.

சாம்பல்நிறம் எழுதியது:

இவ்வளவு நேரம் பேசியும் சோதனைக்கு ஆளானவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. டஸ்கீகி. 1932 முதல் 1972 வரை, அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை வைத்து, நோய் எப்படி முற்றுகிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. "கெட்ட ரத்தம்" என்றார்கள். 40களில் பென்சிலின் வந்து குணப்படுத்த முடியும் என்று ஆனபின்னும் கொடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்களும் உண்டு, வருடக்கணக்கில் பதிவேடும் உண்டு. உங்கள் ஏற்பாடு, உங்கள் வேலி, எல்லாம் அங்கே இருந்தது.

உப்புக்கல் எழுதியது:

அறிவியலாகவே அது தரமான ஆய்வு இல்லை என்பார்கள். பலர் வெளியே ஏதோ சிகிச்சை எடுத்திருந்தார்கள், ஆகவே "சிகிச்சையே இல்லாத நிலை" என்ற அடிப்படையே ஓட்டை.

சாம்பல்நிறம் எழுதியது:

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்படியானால் ஓட்டை இல்லாமல் செய்திருந்தால் சரியா? முறை கச்சிதமாக இருந்திருந்தாலும் அது அநியாயம்தான். அந்த அநியாயத்தை வெளியே கொண்டுவந்தது எந்தக் கருதுகோளும் இல்லை. அதே சுகாதாரத் துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் என்பவர் பலமுறை ஆட்சேபித்துப் பார்த்து, யாரும் கேட்காததால் பத்திரிகையிடம் போனார். அதன்பின் சட்டம் வந்தது, 1979இல் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு நெறி வகுத்த பெல்மான்ட் அறிக்கை வந்தது, ஒப்புதல் இல்லாமல் ஆளைத் தொடாதே என்ற விதிகள் வந்தன. அவற்றை முறைக்கு வெளியே இருந்து கொண்டுவந்து திணிக்க வேண்டியிருந்தது.

இரவுப்பணி எழுதியது:

சாம்பல்நிறம் சொல்வது சரி. எங்களிடம் ஒப்புதல் படிவத்தை நோயாளிக்கு வாசித்துக் காட்டும் வேலை இருக்கிறது. சிலர் "நீங்க சொன்னா சரிம்மா" என்று வாசிக்கவிடாமல் பேனாவை வாங்கப் பார்ப்பார்கள். அப்போது பேனாவைக் கொடுக்காமல் முழுதும் வாசிக்க வேண்டும். அந்த விதி எந்தச் சோதனை முடிவிலிருந்தும் வந்ததில்லை, யாரோ பட்டதிலிருந்து வந்தது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. காசநோய் வந்தால் குடும்பத்தைப் பிரிந்து சானடோரியத்தில் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் கிடக்க வேண்டிய காலம் இருந்தது. ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு, இதெல்லாம் இல்லாமல் குணமாகாது, வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் ஒட்டும் என்று நினைத்தார்கள். 50களின் பிற்பாதியில் சென்னையில் ஒரு சோதனை நடந்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் மருந்து. முடிவு 1959இல் வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கவனிப்பும் கிடைத்தும், குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே தொற்றிவிடுகிறது. இதைத் தொடர்ந்து உலகம் முழுக்க சிகிச்சை வீட்டுக்கு வந்தது. எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் பிரியாமல் இருந்திருப்பார்கள்! யாரும் மனம் திருந்தவில்லை, யாரும் மேடையில் பேசவில்லை. ஒரு சோதனை, அவ்வளவுதான்.

நடுவெயில் எழுதியது:

சரி, சமூகத்தின் பக்கம் எனக்கு இப்போது பெரிய தகராறு இல்லை. சாம்பல்நிறம் சொன்ன நிபந்தனையோடு. தனி ஆளின் பக்கம்தான் இன்னும் இடிக்கிறது. பதிவேடு, குலுக்கல், மறு ஆய்வு, எல்லாமே நிறுவனங்கள் செய்கிற வேலை. சாதாரண ஆளுக்கு அதில் என்ன பங்கு, நம்புவதைத் தவிர?

பனங்காட்டு_நரி எழுதியது:

இதற்கு நானே பதில் சொல்கிறேன், ஆச்சரியப்படாதீர்கள். எமிலி ரோசா. ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்த சிறுமி. உடலைத் தொடாமலே அதன் "சக்தியை" கைகளால் உணர முடியும் என்று சொல்லிச் சிகிச்சை செய்கிறவர்கள் 21 பேர். நடுவே ஓர் அட்டைத் திரை, அதில் இரண்டு துளைகள். அவர்கள் துளை வழியே இரு கைகளையும் நீட்ட வேண்டும். எமிலி நாணயம் சுண்டி, விழுந்ததற்கு ஏற்ப வலக்கை அல்லது இடக்கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோவாள். எந்தக் கை என்று சொன்னால் போதும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும். அவர்கள் 44 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே வெளியானது.

நிறுவனம் இல்லை, பணம் இல்லை. அட்டையும் காசும் போதும். நான் கேட்பதெல்லாம், வீட்டுக்குள் இருக்கிற நிம்மதியின் மீது அதைப் பாய்ச்சாதீர்கள் என்பதுதான். காசு வாங்கிக்கொண்டு சிகிச்சை என்று விற்கிறவனிடம் பாய்ச்சுங்கள்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

அந்தப் பிரிப்பு எனக்கு ஒப்பாது. அதே மாத்திரையைத்தான் கடையில் இன்னொருவருக்கு "தலைவலிக்கு நல்லது" என்று விற்பார்கள். ஆனால் இது தனி இழை.

மூன்றாம்மாடி, ஒரு சின்னக் குடைச்சல். கூட்டில் மாவு அடைத்தது நீங்கள், நாணயம் சுண்டியது நீங்கள். எந்த வாரம் எது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்திருக்க மாட்டாரா?

மூன்றாம்மாடி எழுதியது:

இதையே அவள் தங்கையும் கேட்டாள். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் "இது உண்மையா, மாவா" என்று மனைவியை ஊகித்து எழுத வைத்திருந்தோம். ஊகங்கள் பாதிக்குப் பாதிதான் சரியாக இருந்தன.

இரவுப்பணி எழுதியது:

நல்ல வேலை. அந்தக் கேள்வியைப் பெரிய சோதனைகளிலேயே பல நேரம் கேட்க மறந்துவிடுகிறார்கள். மாத்திரைக்கு வாசனை ஏதும் இல்லையே?

மூன்றாம்மாடி எழுதியது:

கூட்டைத் திறந்தால் லேசாக உண்டு. அவள் திறந்து பார்த்தாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.